பங்குக் கோயில் வாசலில் நின்று கற்றுக்கொண்டவை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில்) வரவேற்புக் குழு என்று ஒன்று உருவானதே கொரோனா காலத்தில்தான். 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் மறுபடி திறந்தபோது, கோயில் வாசலில் ஆள் நின்றாக வேண்டிய கட்டாயம் வந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஒருவர், சானிடைசர் பாட்டிலோடு ஒருவர், பெயரும் போன் நம்பரும் எழுத ஒருவர், பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார வைக்க இரண்டு மூன்று பேர். பங்குத்தந்தை அறிவிப்பில் ஆள் கேட்டார், நான் பெயர் கொடுத்தேன். கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு கருவியும் நோட்டும் அலமாரிக்குள் போய்விட்டன. குழு மட்டும் கலையவில்லை. கோயிலுக்குள் வரும் ஒவ்வொருவரின் முகத்தையும் யாராவது நின்று பார்ப்பது எங்கள் பங்கில் அதற்கு முன் நடந்ததே இல்லை என்பது அந்த மாதங்களில்தான் எங்களுக்கு உறைத்தது. "இத்தனை வருஷமா இந்தக் கோயிலுக்கு வர்றேம்மா, இப்பதான் ஒருத்தர் என் பேரைக் கேட்டு எழுதுறாங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பங்கு எங்களுடையது. ஞாயிறு காலை தமிழில் இரண்டு பூசை, ஆங்கிலத்தில் ஒன்று, மாலையில் தமிழில் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு நவநாள் வழிபாடு. மீனவக் குடும்பங்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். வேறு பங்குகளில் இப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்துக் கற்கண்டு நீட்டுவது போன்ற வேலை என்று நினைத்துத்தான் பலர் குழுவுக்கு வருகிறார்கள். கும்பிடுவதும் சிரிப்பதும் இதில் சின்னப் பகுதி. மற்றதெல்லாம் கண்ணால் செய்யும் வேலை. யார் திகைத்து நிற்கிறார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யாருக்கு முட்டி வலி, யார் அழுத முகத்தோடு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக வருபவர்கள் நாம் இல்லாவிட்டாலும் தங்கள் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் வந்து நிற்கிறாரே ஒருவர், அவருக்காகத்தான் நாம் வாசலில் நிற்கிறோம்.

திருச்சபையில் இது புதிய பணி இல்லை. ஆதித் திருச்சபையில் வாயில்காப்போர் என்று ஒரு நிலையே இருந்தது. 251ஆம் ஆண்டையொட்டி திருத்தந்தை கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் ஒன்றில், உரோமைத் திருச்சபையின் குருக்களையும் திருத்தொண்டர்களையும் எண்ணிச் சொல்லும்போது வாயில்காப்போரையும் சேர்த்தே சொல்கிறார். குருவாகப் போகிறவர்கள் கடந்து போகும் ஒரு படியாக அது பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் படிநிலையை நீக்கினார். நிலை போனாலும் வேலை போகவில்லை. இன்று பயன்பாட்டில் இருக்கும் திருப்பலி (பூசை) நூலின் பொதுப் போதனை, 105ஆம் எண்ணில், வாசலில் மக்களை வரவேற்று இடம் காட்டுவோரையும் பவனிகளை ஒழுங்குபடுத்துவோரையும் வழிபாட்டுப் பணி செய்வோர் வரிசையில் சேர்த்திருக்கிறது. குழுவின் முதல் கூட்டத்தில் பங்குத்தந்தை இதை வாசித்துக் காட்டினார். அதோடு, கனடாவில் மொன்றியால் நகரக் கல்லூரி ஒன்றில் ஏறக்குறைய 40 வருடம் வாயில்காப்போராக இருந்த சகோதரர் அந்திரே பெசெத்தைப் பற்றியும் சொன்னார். 2010இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நோயாளிகள் அந்தக் கல்லூரி வாசலைத் தேடி வந்தது படிப்புக்காக இல்லை, கதவைத் திறந்த அந்த மனிதருக்காக. 'செக்யூரிட்டி வேலை' என்று தயங்கிய சிலர் அன்றைக்குத்தான் மனம் மாறினார்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

பூசைக்கு நாற்பது நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள். மின்விசிறிகள் எல்லாம் ஓடுகின்றனவா, தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, குடிதண்ணீர் கேன் காலியா, வழிபாட்டுத் தாள்கள் வந்துவிட்டனவா என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். எந்த விசிறி ஓடவில்லையோ அதன் கீழே வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள். சென்னை மே மாதத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், கழிப்பறைச் சாவி. வாசலில் எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது பூசை நேரமோ சாமியார் பெயரோ இல்லை, கழிப்பறை எங்கே என்பதுதான். சாவி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் இடுப்பில் இருக்கும், பூசை நேரத்தில் அவர் பீடத்துப் பக்கம் இருப்பார். சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி சாவிக்காகக் காத்து நின்றதைப் பார்த்த பிறகு இரண்டாவது சாவி ஒன்று செய்து வாசல் மேசை டிராயரில் வைத்தோம். குழு தொடங்கியதிலிருந்து செய்த காரியங்களில் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்தச் சாவியைத்தான் சொல்வேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பூசை தொடங்கும் முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும். வாசகம் நடக்கும்போது அடுக்கிலிருந்து ஒன்றை உருவினால் அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும். எங்கள் கோயிலில் முன்பகுதியில் பாய் விரித்துத் தரையில் உட்காரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வழக்கத்தை விட மனமில்லாத பாட்டிகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருக்கத்தான் முடியாது. பாயின் ஓரத்திலேயே நாலைந்து நாற்காலி போட்டு வைத்தால் தங்கள் இடத்தை விட்டுப் போகாமலே உட்கார்ந்துகொள்வார்கள். "நாற்காலி வேணுமா?" என்று கேட்டால் "வேணாம்மா" என்பார்கள். கேட்காமல் போட்டு வையுங்கள்.

வாசலில் என்ன சொல்லி வரவேற்பது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். "இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க" என்று சொல்பவர்கள் உண்டு, "வணக்கம்" போதும் என்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் ரொம்பப் பயன்படுவது, "வாங்கம்மா, முன்னால இடம் இருக்கு" என்பதுதான். அதில் வரவேற்பும் இருக்கிறது, தகவலும் இருக்கிறது. ஆனால் யாரையும் முன்னால் போகச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பின்னால் நிற்பவர்களுக்குக் காரணம் இருக்கும். கைக்குழந்தை அழுதால் வெளியே போக வேண்டிய தாய், அடிக்கடி கழிப்பறை போக வேண்டிய பெரியவர், கூட்டத்தின் நடுவில் மூச்சு முட்டுகிறவர், கணவனைப் பிரிந்து வந்து ஊர்க் கண்ணுக்குப் பயந்து நிற்கும் பெண். "முன்னால வர்றீங்களா, இல்ல இங்கேயே வசதியா?" என்று ஒரு தடவை கேளுங்கள். இங்கேயே என்றால் அங்கேயே ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுங்கள்.

தாமதமாக வருபவர்களை வாசகத்தின் நடுவில் உள்ளே அழைத்துப் போகக் கூடாது. வாசிப்பவரின் கவனமும் கெடும், கேட்பவர்களின் கவனமும் கெடும். வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் தொடங்கும்போது ஒரு கூட்டம், அல்லேலூயாவுக்கு எல்லோரும் எழும்போது இன்னொரு கூட்டம் என்று அனுப்பலாம். அதுவரை பின்னால் நிற்க வையுங்கள், முகம் சுளிக்காமல். முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஓடி வரும் நர்ஸ்களும் பால் பாக்கெட் போட்டுவிட்டு வரும் பையன்களும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

இடம் கொடுப்பதில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. திருவிழா நாட்களில் முதல் வரிசைகளை நன்கொடையாளர்களுக்கும் உபயதாரர்களுக்கும் ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைத்தான் நேரடியாகக் கண்டிக்கிறார். பொன் மோதிரம் போட்டு வந்தவரை நல்ல இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கந்தல் உடுத்தி வந்த ஏழையை அங்கே நில் என்றோ கால்மணை அருகே உட்கார் என்றோ சொன்னால், நீங்கள் ஆள் பார்த்துச் செயல்படுகிறீர்கள் என்கிறார். இடம் காட்டும் பணியாளருக்கென்றே எழுதிய வரிகள் போல இருக்கும். நம் மண்ணில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில், ஒரு சாதியார் இன்னொரு சாதியாரோடு கலக்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. கல்லறையில் தனித்தனிப் பகுதி வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. இவ்வளவு வரலாற்றைச் சுமக்கும் ஒரு சபையில், யார் எங்கே உட்காருவது என்பதை அற்பமான விஷயம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் குழு பங்குப் பேரவையில் கேட்டு வாங்கிய முடிவு இது: முதல் இரண்டு வரிசை சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும். மற்ற வரிசைகள் முதலில் வருபவர்களுக்கு. சிலருக்கு வருத்தம்தான். ஆனாலும் இந்த முடிவு நிலைக்க வேண்டும்.

காணிக்கை எடுப்பதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். பை எடுப்பவர்கள் எப்போதும் இருவராகப் போங்கள், பீடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை பிரியாதீர்கள். நூறு ரூபாயைப் போட்டுவிட்டு ஐம்பது எடுத்துக்கொள்ளவா என்று கேட்பவர்களை, பூசை முடிந்து அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நேர்ச்சையாகத் தாலி, மோதிரம், கொலுசு கொண்டுவருபவர்களைப் பையில் போட விடாமல் நேரே சாமியாரிடம் கூட்டிப்போய் ரசீது வாங்கிக் கொடுங்கள். பை வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் குனிந்துகொள்பவர்கள் முன்னால் பையை நிறுத்தவே கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நேரம்தான் எங்கள் பணியில் மிகவும் நுணுக்கமானது. வரிசையை முன்னாலிருந்து பெஞ்சு பெஞ்சாக விடுவது எளிது. எழுந்து வர முடியாதவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று பூசைக்கு முன்பே குறித்துக்கொண்டு, நற்கருணைப் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசியில் அவரை அழைத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போவோம். கஷ்டம் எங்கே என்றால், கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வரிசையில் வரும்போது. எங்கள் பங்கில், அதுவும் செவ்வாய்க்கிழமையில், இந்துச் சகோதரர்கள் நிறைய வருவார்கள். எல்லோருக்கும் ஏதோ பிரசாதம் கொடுக்கிறார்கள், நாமும் வாங்கிக்கொள்வோம் என்று பக்தியோடு வரிசையில் நிற்பார்கள். வரிசையின் நடுவிலிருந்து ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்த காட்சியை வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை. நாங்கள் செய்வது இதுதான். வரிசை தொடங்குவதற்கு முன்பே, புதியவர்கள் இருக்கும் பெஞ்சின் ஓரத்தில் குனிந்து, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "இது ஞானஸ்நானம் வாங்கி, தயாரிச்சு வாங்குறதும்மா. நீங்க கையை மாருல கட்டிக்கிட்டு வாங்க, ஃபாதர் தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுவார்" என்று சொல்வோம். எங்கள் பங்குத்தந்தை இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் பங்கில் எப்படி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்ன பிறகு கோபப்பட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. "ஆசீர்வாதம் கிடைச்சா போதும்மா" என்பார்கள்.

நற்கருணையைக் கையில் வாங்கி, உட்கொள்ளாமல் நகர்ந்து போகிறவர்கள் மீதும் ஒரு கண் வேண்டும். கொடுப்பவரின் முன்னிலையிலேயே உட்கொள்ளப்படுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2004இல் வந்த வத்திக்கான் அறிவுரை சொல்கிறது. வீட்டில் படுத்திருக்கும் அம்மாவுக்காகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டவர்களும் உண்டு. அது அன்பினால் செய்வது. அவர்களைத் திருடரைப் போல மடக்கக் கூடாது. பக்கத்தில் போய், "இங்கேயே வாங்கிக்குங்க. அம்மாவுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாங்க, அட்ரஸ் குடுங்க" என்று சொல்லி, அந்த விலாசத்தை அன்றே பணியாளரிடம் சேர்க்க வேண்டும். அதன் வழியாகத்தான் எங்கள் பங்கில் நோயாளிகளைச் சந்திக்கும் பட்டியல் வளர்ந்தது.

செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று வருபவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. செருப்பை எங்கே விடுவது, மெழுகுவத்தி எங்கே ஏற்றுவது, உப்பும் மிளகும் எங்கே போடுவது, மாலையை யாரிடம் கொடுப்பது, பிள்ளைக்கு மந்திரிக்கச் சாமியார் எப்போது வருவார், எவ்வளவு கட்ட வேண்டும். கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் கட்ட வேணாம்மா" என்று உடனே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் பலருக்கு முகத்தில் ஒரு நிம்மதி வரும். குழந்தைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வரும் தாயை வரிசையில் முன்னால் விடுங்கள், மந்திரித்த பிறகு பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இந்த மக்கள் கோயிலில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள், போன் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்களிடம் அந்தப் பணிவு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஞாயிறு காலை ஆங்கிலப் பூசைக்குப் பின்வரிசையில் சில இளைஞர்கள் தொடர்ந்து வந்து நிற்பார்கள். பாடலில் வாய் அசைக்க மாட்டார்கள், பூசை முடிந்ததும் முதலில் வெளியேறுவார்கள். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, ஜார்கண்டின் சிம்டேகா, கும்லா மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். 1885இல் சோட்டா நாக்பூருக்கு வந்த பெல்ஜிய நாட்டுச் சேசுசபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நில வழக்குகளில் ஆதிவாசிகளின் பக்கம் நின்றதால் கிராமம் கிராமமாக மக்கள் திருமறையில் சேர்ந்த பகுதி அது. அங்கே கோயிலில் முன்னால் நின்று 'மாந்தர்' என்ற மத்தளம் அடித்தவர்கள் இங்கே தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்கள் ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் "ஜெய் யேசு" என்பார்கள் என்று தெரிந்துகொண்டோம். அடுத்த ஞாயிறு வாசலில் நாங்கள் "ஜெய் யேசு" என்றோம். அந்தப் பையன்களின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பூசை நேரங்களை இந்தியில் எழுதி வாசலில் ஒட்டினோம். அப்புறம் அவர்களாகவே கேட்டு, நற்கருணைப் பவனிக்குக் குடை பிடிக்க வந்தார்கள். உங்கள் பங்கில் பின்வரிசையில் யார் நிற்கிறார்கள், எந்த ஊர், என்ன மொழி என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

உடம்பு முடியாமல் விழுபவர்கள் எந்தப் பங்கிலும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை மதிய வழிபாட்டில் அதிகம். ஒருசந்தி நோன்பு, வெயில், இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது நீண்ட நேரம் நிற்பது எல்லாம் சேர்ந்துவிடும். மயங்கியவரைக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயாளி, நினைவோடு இருக்கிறார், வியர்த்து நடுங்குகிறார் என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நெஞ்சு வலி என்றாலோ, நினைவு சீக்கிரம் திரும்பாவிட்டாலோ 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். பங்கில் மருத்துவர்கள், செவிலியர்கள் யார், எந்தப் பூசைக்கு வருவார்கள், எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் ஒரு பைக் கூட நிற்கக் கூடாது. திருவிழா கூட்டத்தில் இதைக் காப்பாற்றுவது பெரும்பாடு, ஆனாலும் காப்பாற்றியே ஆக வேண்டும்.

காணாமல் போன குழந்தை கிடைத்தால், எல்லோர் கண்ணிலும் படும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது ஆலய முகப்பில் இருக்கும் கெபி (குகை போன்ற மாடம்). பணியாளர்கள் எப்போதும் இருவர் இருக்க வேண்டும், யாரும் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. "நான்தான் சித்தப்பா" என்று ஒருவர் வந்தால், குழந்தை அவரை அடையாளம் கண்டு தானாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பெற்றோர் வரும் வரை கொடுக்கக் கூடாது, யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

பாஸ்கா இரவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டுக்கு, ஒரு குறிப்பு. விளக்கெல்லாம் அணைந்து கோயில் முழுக்க மெழுகுதிரி எரியும் நேரத்தில், எரியும் திரியைச் சாய்க்கக் கூடாது, எரியாத திரியைத்தான் அதன் பக்கம் சாய்த்துப் பற்ற வைக்க வேண்டும். உருகிய மெழுகு அடுத்தவர் கையிலும் பட்டுப் புடவையிலும் விழாமல் இருக்கும். முன்னால் நிற்பவரின் பின்னல், துப்பட்டா, பூச்சரம் இவற்றிலிருந்து திரியைத் தள்ளிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வாளியில் மணலும் தண்ணீரும் ஒவ்வொரு வாசலிலும் இருக்கட்டும். இருட்டில் படி தெரியாமல் தடுமாறும் பெரியவர்களுக்கு டார்ச்சோடு ஒருவர் நிற்கட்டும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவுப் பூசைகளில் குடித்துவிட்டு வருபவர்கள் இருப்பார்கள். கையைத் தொட்டாலோ குரலை உயர்த்தினாலோ சண்டைதான். நிதானமான இருவர் போய், குடிலுக்குப் பக்கத்தில் வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

அடக்கப் பூசையில் வரவேற்கும் விதமே வேறு. அன்று வாசலில் சிரிக்கக் கூடாது, "வாங்க வாங்க" என்று அழைக்கவும் கூடாது. வீட்டாருக்கு முன்வரிசையைக் காட்டி, தண்ணீர் பாட்டிலைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். இறந்தவரின் அலுவலக நண்பர்கள், பிற மத உறவினர்கள் நிறைய வருவார்கள். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்களில் ஒருவர் அவர்களுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, எழ வேண்டிய நேரத்தில் ஒரு கணம் முன்னதாகவே எழுந்து நிற்போம். அவர்கள் பார்த்துச் செய்வார்கள். மைக்கில் யாரும் "எழுந்து நில்லுங்கள்" என்று சொல்ல வேண்டியதே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் சாலை வழியாகத்தான் போவார்கள். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா, அதற்குள் போய்ச் சேரக் காவி உடையில் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அவர்களுக்கு அன்னதானம் கொடுக்க ஊரெங்கும் ஆள் இருக்கிறார்கள். குறைவாக இருப்பது குளியலறை, போனுக்குச் சார்ஜ், கால் ஊற வைக்க உப்புப் போட்ட வெந்நீர், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், பெண்கள் பயமில்லாமல் படுக்க ஒரு அறை. பங்கு மண்டபத்தைத் திறந்து இவற்றை மட்டும் கொடுக்கிறோம். பெண்கள் படுக்கும் அறை வாசலில் இரவு முழுக்க மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்கள் முறை வைத்து இருப்பார்கள்.

குழுவை நடத்துவது பற்றிக் கடைசியாகச் சில வார்த்தைகள். ஒரு வாசலுக்கு இருவர், அதில் ஒருவர் பெண். எல்லோரையும் தெரிந்தவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்து நிற்பது நல்லது. தெரிந்தவர் அரட்டையில் இறங்கிவிடாமல் புதியவர் பார்த்துக்கொள்வார். அன்பியங்களில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களில்) ஆள் கேட்கும்போது நன்றாகப் பேசுபவர்களைவிட, கூட்டத்தில் அமைதியாக ஓரத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓரத்தில் நிற்பவர்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இளைஞர்களுக்குக் காணிக்கைப் பையையும் வண்டி நிறுத்தத்தையும் மட்டும் கொடுத்து ஒதுக்காதீர்கள், வாசலில் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு அக்கறையான விஷயம், பணியாளர்களின் சொந்த வழிபாடு. வாசலில் நிற்பவர் மறையுரையைப் பாதிதான் கேட்பார், அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதும் ஒரு கண் பின்பக்கம் இருக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் கோயிலிலேயே இருந்தும் செபிக்காதவராக ஆகிவிடுவோம். அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிறுக்கு மேல் யாருக்கும் பணி கிடையாது. பணியில் இருக்கும் நாளில் வேறொரு பூசையில் போய் உட்கார வேண்டும், பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பத்தோடு. ஆள் பற்றாக்குறை வந்தால் ஒரு பூசைக்கு வாசலில் ஆள் இல்லாமல் விட்டுவிடுவோமே தவிர, இந்த விதியைத் தளர்த்துவதில்லை.